இரண்டு ஏக்கர் நிலத்தில் மூன்று பன்றிகள்: முதன்முறையாக வளர்க்க எண்ணுகிறேன், வழி சொல்லுங்கள்

நிபோங் திபால்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபத்தெட்டு ஆண்டுகள் டெக்னீசியனாக வேலை செய்து இவ்வாண்டு ஓய்வு பெற்றேன். நிபோங் திபாலுக்கு வெளியே என் தந்தை விட்டுச் சென்ற இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதியில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நிற்கிறது. மீதியில் மா, ரம்புத்தான், வாழை, கொஞ்சம் மரவள்ளி. அதில் மூன்று பன்றிக்குட்டிகளை வாங்கி ஒரு முறை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரிய பண்ணை வைக்கும் எண்ணமில்லை.

நான் போட்டு வைத்திருக்கும் திட்டம் இதுதான். நிலத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு பெரிய மாமரங்கள் இருக்கின்றன, நல்ல நிழல். அவற்றின் கீழே சிமெண்டுத் தரை போட்டு, மேலே துத்தநாகத் தகடு அடித்து, சுற்றிலும் நான்கடி உயரத்துக்குப் பலகை வேலி கட்டலாம் என்று நினைக்கிறேன். பட்டர்வொர்த்தில் என் மைத்துனர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். தினமும் இரண்டு வாளி மிச்சச் சோறும் கறியும் அங்கே வீணாகின்றன. தீவனச் செலவு அதில் பாதி குறைந்துவிடும். குட்டிகளுக்கும் வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு மாநிலத்திலிருந்து வரும் குட்டிகளைச் சந்தை விலையில் பாதிக்குத் தருவதாகச் சொல்கிறார்.

இதில் குறை ஏதும் இருந்தால் அனுபவமுள்ளவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயம்தான் கண்முன் வந்தது. அறுபதுகளின் இறுதியில், சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பன்றிகள் இருக்கும். அம்மா காலையில் ரப்பர் மரம் சீவி முடித்துவிட்டு வந்து, மூன்று கல்லைக் கூட்டி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் வாழைத்தண்டையும் மரவள்ளிக் கிழங்கையும் வெட்டிப்போட்டு, தவிட்டைக் கலந்து வேக வைப்பார். அந்த வாடை எழும்பியதுமே உள்ளே இருப்பவை பலகையை முட்டத் தொடங்கிவிடும். ஆண்டு முடியும்போது சீனத் தவுக்கே (வியாபாரி) மூங்கில் கூடையோடு வந்து தூக்கிக்கொண்டு போவார். எங்கள் நான்கு பேருக்கும் பள்ளிச் சீருடையும் காலணியும் அந்தப் பணத்தில்தான் வந்தன.

அதனால் உங்கள் ஆசையில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒற்றைப் பன்றியை ஒருபோதும் வளர்க்காதீர்கள். அது கூட்டத்தில் வாழும் உயிர். தனியாக விட்டால் சரியாகத் தின்னாது, ஓலமிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டோ மூன்றோ என்பது சரியான எண்ணிக்கை. எல்லாம் ஒரே ஈற்றுக் குட்டிகளாக இருந்தால் சண்டையும் குறையும். மரவள்ளியை மட்டும் பச்சையாகப் போடாதீர்கள். கசப்பு வகையில் சயனைடு நஞ்சு இருக்கிறது. தோலுரித்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கடை மிச்சத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நாங்கள் கொடுத்திருக்கிறோம், கொதிக்க வைத்துத்தான் கொடுத்தோம்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது:

லயத்துப்பிள்ளை அக்கா சொன்னதில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். அந்த ஒன்று கடை மிச்சம். அக்காவின் தாயார் காலத்தில் அது தவறாக இருக்கவில்லை. இன்று அது தவறு. என்ன மாறியது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலின் வைரஸ் இறைச்சியில் நெடுநாள் உயிரோடு இருக்கும். உறைந்த இறைச்சியில் மாதக் கணக்கில் இருக்கும். உப்பிட்டு உலர்த்திய இறைச்சியிலும் இருக்கும். 2007இல் ஜார்ஜியா நாட்டின் போத்தி துறைமுகத்தில் அது தோன்றியபோது, கப்பல்களிலிருந்து இறக்கிய சமையல் கழிவைப் பன்றிகள் தின்றதே காரணமாக இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அங்கிருந்து ரஷ்யாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் பரவி, 2018இல் சீனாவை அடைந்தது. நம் மலேசியாவில் 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மலாக்காவில், அதாவது தீபகற்பத்தில். 2023 ஜனவரியில் பினாங்கில், நம் செபராங் பிறையில். இந்தக் காய்ச்சல் மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிக்குத் தொற்றினால் பெரும்பாலும் மரணம்தான்.

உங்கள் மைத்துனரின் கடையில் பன்றி இறைச்சியே சமைப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். வேலையாள் வீட்டிலிருந்து கொண்டு வந்த ரொட்டிக்குள் வைத்த ஒரு துண்டு, வாடிக்கையாளர் கடையில் விட்டுச் சென்ற பொட்டலம், இவை எந்த வாளியில் விழுந்தன என்று யாருக்குத் தெரியும்? கழிவை 90 டிகிரி செல்சியசில் குறைந்தது 60 நிமிடம், விடாமல் கிளறிக்கொண்டே கொதிக்க வைத்தால் வைரஸ் அழியும் என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பின் அளவுகோல். வீட்டு அடுப்பில் இரண்டு வாளிச் சோற்றை அப்படிக் காய்ச்சிப் பாருங்கள். அடி பிடிக்கும், நடுப்பகுதி சூடாகியிருக்காது. அதற்குச் செலவாகும் கேஸுக்கு மூட்டைத் தீவனமே வாங்கிவிடலாம். வெந்ததைத் தொட்ட அதே கையும் வாளியும் வேகாததையும் தொட்டிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பாதி விலைக் குட்டிகளைப் பற்றிக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பன்றியின் விலை திடீரென்று பாதியாக விழுந்தால், விற்பவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று வாங்குபவருக்குத் தெரியவில்லை என்று பொருள். கால்நடைச் சேவைத் துறையின் நடமாட்ட அனுமதி இல்லாமல் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பன்றியைக் கொண்டு வர முடியாது. அந்த அனுமதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டார்.

புக்கிட் பெலாண்டோக் மகன் எழுதியது:

ஐயா, நான் இப்போது கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கிறேன். உங்கள் திட்டத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடை மிச்சமும் அல்ல, மலிவுக் குட்டியும் அல்ல. அந்த இரண்டு மாமரங்கள்தான். மற்றவர்கள் அதைக் கவனிக்காமல் போனதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1998 செப்டம்பர் வாக்கில் பேராக் மாநிலத்தில், ஈப்போ பக்கத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் காய்ச்சலும் மயக்கமுமாக விழத் தொடங்கினார்கள். முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகள் நாய் குரைப்பதுபோல் இருமின. பேராக்கில் பயந்துபோன சிலர் பன்றிகளைக் கிடைத்த விலைக்குத் தெற்கே தள்ளிவிட்டார்கள். அந்த லாரிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கு, எங்கள் புக்கிட் பெலாண்டோக்கிற்கு வந்து சேர்ந்தது. பாதி விலைக் குட்டி என்று நீங்கள் எழுதியபோது கால்நடை உதவியாளர் ஐயாவுக்கு உடல் சிலிர்த்தது ஏன் என்று எனக்குத் தெரியும்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது முற்றிலும் புதிய வைரஸ் என்று கண்டறிந்தார். கம்போங் சுங்கை நிபா என்ற ஊரின் பெயரால் அதற்கு நிபா என்று பெயர் வந்தது. நம் நாட்டில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள். பண்ணைகளில் கூலிக்கு இருந்த தமிழர்களும் அவர்களில் உண்டு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை இராணுவத்தைக் கொண்டு கொன்று புதைத்தார்கள். என் தந்தை பண்ணைகளுக்குத் தீவன லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பிழைத்தார், அவருடைய லாரியில் மூட்டை தூக்கியவர் பிழைக்கவில்லை. நான் அப்போது பள்ளியில் நான்காம் படிவம். வீட்டு வாசலில் நின்று, வெள்ளை உடை போட்ட படைவீரர்கள் மண்ணெடுக்கும் இயந்திரத்தின் பின்னால் நடந்து போனதைப் பார்த்தேன். பல நாள் கேட்ட பன்றிச் சத்தம் ஒரு மாலை அடியோடு நின்றுபோனது. அந்த அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

இனி மாமரத்துக்கு வருகிறேன். நோய் தொடங்கிய ஈப்போ பண்ணையில் பன்றிக் கொட்டகைகளை ஒட்டியே மா முதலிய பழ மரங்களை நட்டிருந்தார்கள். பழந்தின்னி வௌவால்கள் இரவில் வந்து பழத்தைக் கடித்துச் சாறு உறிஞ்சிவிட்டு மிச்சத்தைக் கீழே துப்பின. எச்சில் பட்ட அந்தப் பழம் நேராகக் கொட்டகைக்குள் விழுந்தது. பன்றி அதைத் தின்றது. வௌவாலிடம் இருந்த வைரஸ் பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த வழி அதுதான். நீங்கள் வரைந்திருக்கும் படமும் அதே படம். பழுக்கும் காலத்தில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அந்த மாமரத்தடியில் நின்று, விளக்கை அணைத்துவிட்டு, மேலே இறக்கை அடிக்கும் ஒலி கேட்கிறதா என்று பாருங்கள்.

நிழல் வேண்டுமானால் கூரையை உயர்த்துங்கள், தென்னங்கீற்றோ வலையோ போடுங்கள். பழ மரத்தை நிழலாக்காதீர்கள்.

நிபோங் திபால்காரன் எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்றிரவு நிலத்துக்குப் போய் நின்றேன். இது மாம்பழக் காலம் இல்லை, ரம்புத்தான்தான் பழுத்திருக்கிறது. அரை மணி நேரத்தில் ஏழெட்டு வௌவால்கள் வந்தன. காலையில் மரத்தடியில் கடித்துத் துப்பிய தோலும் சதையும் கிடந்தன. இருபது ஆண்டுகளாக அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளியிருக்கிறேன். அது என்னவென்று ஒரு முறையும் யோசித்ததில்லை. மாமரத் திட்டம் முடிந்தது. கடை மிச்சமும் பாதி விலைக் குட்டிகளும் அத்தோடு போய்விட்டன.

செம்பனைப் பக்கம் கொட்டகை போட்டால் சரியாக இருக்குமா?

தாசேக் குளுகோர் அக்கா எழுதியது:

செம்பனைப் பக்கம் என்றால் காட்டுப்பன்றி வரும், தம்பி. உதிர்ந்த செம்பனைப் பழத்தைத் தேடி இரவில் குடும்பத்தோடு வரும். உங்கள் பன்றியின் வாடை பட்டால் வேலி வரை வந்து மூக்கை வைத்து முகரும். ஆப்பிரிக்கக் காய்ச்சல் காட்டுப்பன்றிக்கும் வரும். சபாவில் அவையும் செத்தன. மூக்கோடு மூக்கு தொட்டால் போதும். அதனால் ஒரு வேலி போதாது. கொட்டகையைச் சுற்றி ஒன்று, அதிலிருந்து சில அடி தள்ளி இன்னொன்று என்று இரண்டு வேலி வேண்டும். வெளிவேலியின் அடிக்கம்பி மண்ணுக்குள் ஓரடி புதைந்திருக்க வேண்டும். பன்றி தாண்டுவதைவிடத் தோண்டுவதே அதிகம்.

2023 ஜனவரியில் கம்போங் சிலாமாட்டில் நோய் வந்தபோது நாங்கள் பக்கத்தில்தான் இருந்தோம். எங்கள் உறவினர் ஒருவர் அங்கே வேலை செய்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம்: கொட்டகைக்குப் போகும் பூட்ஸ் கொட்டகையை விட்டு வெளியே வராது, வெளியே போட்ட செருப்பு உள்ளே போகாது. வாசலில் மருந்துத் தண்ணீர் நிறைத்த தட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் எவரும் நுழைய வேண்டும். மருந்தில் நனைப்பதற்கு முன் பூட்ஸில் ஒட்டிய சாணத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. பலர் தட்டை மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

இன்னொன்று. உங்கள் நிலத்துக்கு அருகில் மலாய்க்காரர் வீடுகள் இருக்கின்றனவா? சூராவ் (அவர்களுடைய தொழுகை இடம்) எவ்வளவு தூரம்? அதையும் எழுதுங்கள்.

நிபோங் திபால்காரன் எழுதியது:

இருக்கின்றன, அக்கா. என் எல்லையிலிருந்து சுமார் நூற்றைம்பது மீட்டரில் ஒரு மலாய்க்காரர் குடும்பம். நோன்புப் பெருநாளுக்கு லெமாங் (மூங்கிலில் வேகவைத்த சோறு) கொடுத்து அனுப்புவார்கள். தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு கொடுப்போம். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வாய்க்காலில் மீன் பிடித்து வளர்ந்தவர்கள். அந்த வாய்க்கால் என் நிலத்திலிருந்து அவர்கள் நிலத்துக்குத்தான் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால், அவரிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல்தான் இதை முதல் பதிவில் எழுதாமல் விட்டேன்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது:

அந்த வாய்க்கால்தான் உங்கள் கேள்விக்கு விடை.

ஒரு பன்றி நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம் சாணமும் சிறுநீருமாகக் கழிக்கும். சராசரி 60 கிலோ என்று வைத்தால் மூன்று பன்றிக்கு நாளுக்குக் குறைந்தது 9 கிலோ. அதைக் குழியில் இட்டு மட்கவைக்கலாம். தொல்லை அதுவல்ல, கழுவும் தண்ணீர்தான். குழாயைத் திறந்துவிட்டால் ஒன்பது கிலோ கழிவு சில நூறு லிட்டர் அழுக்குத் தண்ணீராகி, சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே ஓடும். முஸ்லிம் குடும்பத்தின் நிலத்துக்கு அது ஓடினால், எத்தனை ஆண்டுகள் லெமாங்கும் முறுக்கும் மாறியிருந்தாலும், நீங்கள் அவர்களுக்குச் செய்தது பெரும் அவமதிப்பு. அவர்கள் வாய் திறந்து சொல்லாமல் இருக்கலாம். அது இன்னும் மோசம்.

சட்டத்துக்கும் இதில் அக்கறை உண்டு. பினாங்கில் 2016ஆம் ஆண்டின் பன்றி வளர்ப்புச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் பன்றி வளர்க்கக் கூடாது. மூன்றுதானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூடிய கொட்டகை, ஆற்றிலும் வாய்க்காலிலும் ஒரு சொட்டுக் கழிவும் விடாத முறை, இவற்றை நோக்கித்தான் மாநிலம் பண்ணைகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு மூட்டைச் சிமெண்டு வாங்குவதற்கு முன், நிலப்பட்டாவை எடுத்துக்கொண்டு மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குப் போய் உட்காருங்கள்.

நிபோங் திபால்காரன் எழுதியது (மூன்று வாரங்களுக்குப் பின்):

போனேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வீடுகளின் தூரத்தையும் வாய்க்காலின் போக்கையும் காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னார். வரைந்து முடிக்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அந்த நிலத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் வேறொரு வழி பிறந்திருக்கிறது. என் தந்தையின் பழைய நண்பர், எழுபது வயதுச் சீனர் ஒருவர், சுங்கை பாக்காப் பக்கம் உரிமம் பெற்ற சிறு பண்ணை நடத்துகிறார். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். கை ஆள் போதவில்லை. கடைசி வரிசையில் ஓர் அறை காலியாக இருக்கிறது. அவருடைய பண்ணையில் பிறந்த குட்டிகளிலேயே மூன்றை விலைக்கு வாங்கி, அதே பண்ணையில் வைத்து, தினமும் காலையும் மாலையும் நானே போய் வளர்ப்பது என்று பேசி முடித்தோம். குட்டி எங்கும் பயணம் செய்யாது, கழிவு அவருடைய தொட்டிக்குப் போகும், அதிகாரிக்கும் தெரிவித்துவிட்டோம். கைம்மாறாக அவருடைய கொட்டகைகளையும் காலையில் நான் சுத்தம் செய்து தர வேண்டும்.

எட்டு வாரக் குட்டிகள். இரண்டு பெட்டை, ஒன்று காயடித்த ஆண். சராசரி 18 கிலோ. இனித் தீவனம், தண்ணீர், தரை ஆகியவற்றைப் பற்றிச் சொல்லுங்கள்.

தாசேக் குளுகோர் அக்கா எழுதியது:

தரையைப் பற்றி நான் சொல்கிறேன். முதல் நாள் குட்டிகளை விடுவதற்கு முன், அறையில் சரிவு முடியும் மூலையை மட்டும் தண்ணீர் விட்டு நனைத்து, அங்கே கொஞ்சம் பழைய சாணத்தைப் போட்டு வையுங்கள். எதிர் மூலையை உலர்வாக வைத்து, அதன் பக்கம் தீனித் தொட்டியை வையுங்கள். பன்றி தான் படுக்கும் இடத்தில் கழிக்காது. ஈரமும் வாடையும் உள்ள மூலையைத்தான் தேடிப்போகும். முதல் இரண்டு நாளில் மூலை பிடிபட்டால் கடைசி வரை அங்கேதான். தவறினால், ஐந்து மாதமும் அறை முழுவதையும் நீங்கள்தான் வழிக்க வேண்டும்.

கழுவுவதற்கு முன் மண்வெட்டியால் சாணத்தை அள்ளி எடுங்கள். அள்ளியதற்கு அப்புறமே தண்ணீர்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது:

நீங்கள் எடுத்த வழி நல்ல வழி. முதன்முறை வளர்ப்பவர் பக்கத்தில் நாற்பது ஆண்டு அனுபவம் நிற்பதைவிடப் பெரிய காப்பு கிடையாது.

தீவனக் கணக்கு: 18 கிலோவிலிருந்து 98 கிலோவரை, அதாவது 80 கிலோ கூடுவதற்கு, ஒரு கிலோ எடைக்குச் சுமார் மூன்று கிலோ தீவனம் என்று வைத்தால் தலைக்கு 240 கிலோ, சிந்துவதையும் சேர்த்து 250. மூன்றுக்கும் 750 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை பதினைந்து. தொடக்கத்தில் நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தின்னும். முடிவில் இரண்டரை முதல் மூன்று கிலோ. சிறு வயதில் புரதம் 18 சதவீதம் வேண்டும். 60 கிலோவைத் தாண்டியதும் 15க்கு இறக்கலாம். உங்கள் தோட்டத்து வாழைத்தண்டையும் வெந்த மரவள்ளியையும் வயிறு நிறையும் துணைத்தீனியாகக் கொடுக்கலாம். அவற்றில் புரதம் மிகக் குறைவு, வளர்ச்சியை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வெப்பம் நம் ஊரில் பெரிய பகை. பன்றிக்கு வியர்வை என்பது ஏறத்தாழ இல்லை. வளர்ந்த பன்றிக்கு 28 டிகிரிக்கு மேல் போனாலே சிரமம். நமக்கு மதியம் 33. விலா வேகமாக ஏறி இறங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே உடம்பில் தண்ணீரைத் தூவி, காற்றாடியைத் திருப்பி விடுங்கள். மதியத்தில் தீனி வைக்காதீர்கள். காலை ஏழுக்கும் மாலை ஆறரைக்கும் வையுங்கள்.

குடற்புழு மருந்து வந்த வாரமே கொடுங்கள். எந்த மருந்து கொடுத்தாலும் தேதியை எழுதி வையுங்கள். மருந்து உடம்பை விட்டு நீங்கும் காலம் முடியாமல் அறுப்புக்கு அனுப்பக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள். எலி உள்ள கொட்டகையில் எலிக் காய்ச்சலும் உண்டு.

நிபோங் திபால்காரன் எழுதியது (இரண்டரை மாதங்களுக்குப் பின்):

அக்கா சொன்ன ஈர மூலை முதல் நாளிலேயே பிடிபட்டது. பெரிய பெட்டைதான் முதலில் போனாள். மற்ற இரண்டும் அவளைப் பின்பற்றின.

ஒரு தவறும் நடந்தது. அதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் காய்ச்சலில் நான் இரண்டு நாள் படுத்துவிட்டேன். பெரியவர்தான் தீனி வைத்தார். மூன்றாம் நாள் போனபோது மூன்றும் தொட்டியில் பாதியை விட்டிருந்தன. ஆண் பன்றி சுவரில் நெற்றியை அழுத்தியபடி நின்றது. கூப்பிட்டால் காதை அசைக்கவில்லை. பெரிய பெட்டை, கடித்தால் தண்ணீர் வர வேண்டிய குழாய் முனையைக் கடித்துக் கடித்து விட்டுக்கொண்டிருந்தாள். முனையை விரலால் அழுத்தினேன். ஒரு சொட்டுதான் வந்தது. உள்ளே துரு அடைத்திருந்தது. பெரியவர் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றாதே என்று தடுத்து, ஒரு குவளை ஒரு குவளையாக, அரை மணிக்கு ஒரு முறை கொடுக்கச் செய்தார். மறுநாள் மாலைதான் ஆண் பன்றி தீனியில் வாய் வைத்தது.

ஓய்வுபெற்ற கால்நடை உதவியாளர் எழுதியது:

பெரியவர் உயிரைக் காப்பாற்றினார். தண்ணீர் இல்லாமல் தீனி மட்டும் தின்றால் உப்பு மூளையைத் தாக்கும். சுவரில் தலை அழுத்துவது அதன் அடையாளம். அந்த நிலையில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் மூளை வீங்கி இழுப்பு வந்து சாகும். வளர்ந்த பன்றி நாளுக்குப் பத்து லிட்டர்வரை குடிக்கும். இனி தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன் ஒவ்வொரு முனையையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அரை நிமிடத்தில் அரை லிட்டர் பாத்திரம் நிறைய வேண்டும். முனைக்கு முன்னால் ஒரு வடிகட்டி போடுங்கள்.

லயத்துப்பிள்ளை எழுதியது:

தம்பி, எடையை எப்படிப் பார்க்கிறீர்கள்? எங்கள் காலத்தில் தவுக்கே கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் எடை. அம்மாவுக்கு அதில் எப்போதும் நட்டம்.

நிபோங் திபால்காரன் எழுதியது (நான்கரை மாதம் முடிந்து):

அக்கா, தையல் நாடாவால் அளக்கிறேன், பெரியவர் கற்றுக்கொடுத்தார். தீனி தின்னும்போது முன்னங்காலுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை நீளத்தையும் மீட்டரில் எடுக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்கினால் கிலோ வரும். மூன்று வாரங்களுக்கு முன் ஆண் பன்றிக்குச் சுற்றளவு 1.05, நீளம் 1.10, எடை 84 கிலோ. அன்றே தராசிலும் ஏற்றினோம், 86 காட்டியது. உங்கள் அம்மாவிடம் அன்று ஒரு தையல் நாடா இருந்திருக்க வேண்டும்.

இப்போது மூன்றும் 95ஐத் தாண்டிவிட்டன. உரிமம் பெற்ற அறுப்புக்கூடத்துக்குப் போக நடமாட்ட அனுமதி வந்துவிட்டது. நாளை அதிகாலை லாரி. இன்று மாலைத் தீனியை நிறுத்தி, தண்ணீரை மட்டும் விட்டிருக்கிறேன். பெரிய பெட்டை வெறும் தொட்டியை இரண்டு முறை முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பெரியவர் அடுத்த ஈற்றில் மூன்று தருவதாகச் சொல்கிறார். உடனே எடுக்கலாமா?

தாசேக் குளுகோர் அக்கா எழுதியது:

உடனே வேண்டாம். அறையைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மருந்தடித்து, சுவருக்கும் தரைக்கும் சுண்ணாம்பு பூசி, இரண்டு மூன்று வாரம் நன்றாக உலர விடுங்கள். குழாய் முனைகளைக் கழற்றி வினிகரில் ஊறப் போடுங்கள். லாரி ஏற்றும்போது அடிக்காதீர்கள்; ஒரு பலகையை உங்களுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தால், அவை தாமாகவே வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். லாரிக்குள் ஒரு விளக்கை எரிய விடச் சொல்லுங்கள்.

நிபோங் திபால்காரன் எழுதியது:

விளக்கோடு ஏறின, அக்கா. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுண்ணாம்பு வாங்கி வந்துவிட்டேன்.